இரண்டு கண்டங்களுக்கு அட்டெண்டன்ஸ்

அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையில் நடக்கவிருந்த ஒரு வர்த்தகப் பேச்சுவார்த்தையை, மைசூரு போகாதியில் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்தபடி கெடுத்தவள் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருடமாக ஒப்புக்கொண்டுதான் வருகிறேன். விருந்தாளி வந்தால் ஒப்புக்கொள்கிறேன், என் நாத்தனார் போன் செய்தால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெட்டதற்கு வேறு யாரும் காரணமே இல்லையா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் சிந்து அப்போது இணையவழிக் கூட்டங்களை நடத்திக் கொடுக்கும் ஒரு பெங்களூரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர் இருப்பதுபோல, கம்ப்யூட்டர் கூட்டத்துக்கும் ஒரு ஆள் வேண்டுமாம். யார் எப்போது உள்ளே வரலாம், யார் பேசலாம், யாருடைய மைக்கை அணைக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது. வீட்டிலிருந்தே வேலை. ஆறு மாத ப்ரொபேஷன். அவளோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேரை ஐந்தாம் மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. (சிந்து நன்றாகத்தான் தூங்கினாள். அவளுக்காகத் தூங்காமல் இருப்பதற்கு நான் இருக்கிறேனே.)

ஆறாவது மாதக் கடைசியில் இந்தக் கூட்டம் வந்தது. இது ஒழுங்காக நடந்தால் வேலை நிரந்தரம், வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நடக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததால்தான் எனக்குப் பயம் அதிகமானது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது விசாரித்தேன்.

"அப்படி என்னடி பெரிய மீட்டிங்? என்ன விக்கறாங்க?"

"தொட்டில்."

"தொட்டிலா?"

"தொட்டில், குழந்தைங்க சேர், நடைவண்டி, எல்லாம். ஐரோப்பால செய்யறவங்க சங்கம் ஒண்ணு. அமெரிக்கால வாங்கி விக்கறவங்க சங்கம் ஒண்ணு. ரெண்டும் பேசப் போறாங்க."

"பேச என்ன இருக்கு? இவங்க செய்யட்டும், அவங்க வாங்கட்டும்."

"அஷ்டு சுலபா இல்லம்மா." (பேச்சு சூடானால் அவளுக்குப் பாதி வழியில் கன்னடம் வந்துவிடும். அஷ்டு என்றால் அவ்வளவு.) "ஒரே தொட்டிலை இந்தப் பக்கம் ஒருவாட்டி ஆட்டிப் பாத்து, கம்பி இடைவெளி அளந்து, சர்டிபிகேட் குடுக்கறாங்க. கப்பல் ஏறி அந்தப் பக்கம் போனா, அது செல்லாது, நாங்க மறுபடி ஆட்டிப் பாக்கணும்ங்கறாங்க."

"கடல்லயே அத்தனை ஆட்டம் ஆடித்தானே போயிருக்கும்" என்றார் என் கணவர். அவர் கொள்ளேகால் பக்கத்துக் கௌதள்ளிக்காரர். ஹெப்பால் தொழிற்பேட்டையில் ஒரு பாக்டரியில் சூபர்வைசர். சர்டிபிகேட் என்ற சொல்லின்மேலேயே அவருக்குக் கோபம் உண்டு.

"அதான்பா பிரச்சனை. பத்துப் பதினஞ்சு பேரை வச்சுத் தொட்டில் செய்யற சின்ன ஆளுங்களுக்கு ரெண்டாவது டெஸ்டுக்குக் கட்டுப்படியாகாது. அட்லாண்டிக்குக்கு ரெண்டு பக்கமும் வியாபாரம் பலப்படணும்னா ஒருத்தர் டெஸ்டை இன்னொருத்தர் ஒத்துக்கணும். யாரு முதல்ல இறங்கி வர்றதுங்கறதுலதான் ரெண்டு வருஷமா நிக்குது."

இருபத்தோரு வருடமாக ஹைஸ்கூலில் சமூக அறிவியல் நடத்துகிறவள் நான். அட்லாண்டிக் பெருங்கடலின் நீரோட்டங்கள், துறைமுகங்கள், கப்பல் வழிகள் எல்லாவற்றையும் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் அதன் இரண்டு கரையிலும் இத்தனை படித்த மனிதர்கள் ஒரு தொட்டிலை இரண்டு முறை ஆட்டுவதற்காக இரண்டு வருடம் சண்டை போடுகிறார்கள் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அப்போதே எனக்கு ஒரு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலை நான் அங்கேயே விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். கை மட்டும் கழுவினேன்.

நான் எடுத்த முன்னேற்பாடுகளை இந்தக் கதையைச் சொல்லும் எவரும் சொல்வதில்லை. சாயந்திரம் ஐந்துக்கு மேல் குக்கர் வைக்கவில்லை. மிக்ஸியின் வயரைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். எதிர்வீட்டு நாயின் சொந்தக்காரரிடம் போய், ஒன்பது மணி வரை அதை உள்ளே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். கணவரிடம் ஒன்பதுக்கு முன்னால் வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று சொல்லி, கோயிலோ கிளப்போ எங்காவது போகச் சொன்னேன். இத்தனையும் செய்தவளை நோக்கித்தான் பிற்பாடு எல்லோரும் விரல் நீட்டினார்கள்.

கூட்டம் ஏழரைக்கு. அந்த நேரம் ஐரோப்பாவில் நாலு மணி, அமெரிக்காவில் காலை பத்து மணி. சிந்து ஆறரைக்கே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்துவிட்டாள். நான் சமையலறை வாசலில் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு நிமிர்ந்திருந்தால் எல்லாம் சரி.

ஏழு இருபதுக்கு அவளுடைய போன் அதிர்ந்தது. மேனேஜர். எங்கள் வீடு தரைத்தளம். போன் சிக்னல் வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். குடித்தனம் வந்த நாளிலிருந்து அப்படித்தான். அவள் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"அம்மா, ரெண்டே நிமிஷம். இங்க உக்காரு. யாராவது கூப்பிட்டா என்னைக் கூப்பிடு. எதையும் தொடாத."

"எதையும் தொடாத" என்று அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை. "இப்போ உள்ளே இருப்பது ஐரோப்பாக்காரர்கள் மட்டும்தான், அவர்கள் தங்களுக்குள் ரகசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அமெரிக்காக்காரர்களை ஏழரை வரைக்கும் வெளியிலேயே வைத்திருக்க வேண்டும்" என்றும் சொன்னதாக அவள் சாதிக்கிறாள். சொல்லவில்லை. படிக்கட்டில் ஏறிக்கொண்டே சொல்லியிருக்கலாம். படிக்கட்டில் சொல்வதெல்லாம் கணக்கில் வராது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் ஆறு முகங்கள். நடுவில் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மாள் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டத்தில் ஒரு வழுக்கைத் தலைக்காரர். கீழே ஒரு மூலையில் வயதான ஒருவர். அவருக்குப் பின்னால் பலகைகள் அடுக்கியிருந்தன, நிஜமாகவே தொட்டில் செய்கிறவர்போல் இருந்தார். அதுவரைக்கும் ஒன்றும் இல்லை. நான் எதையும் தொடவில்லை.

பிறகு ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது. வெளியே ஒருவர் காத்திருக்கிறார் என்றது. கொஞ்ச நேரத்தில் நால்வர் என்றது. பிறகு ஏழு பேர்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஊரடங்கு சமயத்தில் நாங்கள் வாத்தியார்கள் எல்லோரும் இந்தத் திரையில்தான் பாடம் நடத்தினோம். ஒருநாள் நான் மத்தியதரைக்கடல் தட்பவெப்பத்தில் மூழ்கியிருந்தபோது, தாமதமாக வந்த ஒரு பையன் வெளியே பதினோரு நிமிடம் நின்றிருக்கிறான். நான் கவனிக்கவில்லை. மறுநாள் அவன் அப்பா நேராக ஹெட்மாஸ்டரிடம் போய், உங்கள் மிஸ் எங்கள் பையனை வெளியில் நிறுத்தி அவமானப்படுத்திவிட்டார் என்று எழுதிக் கொடுத்தார். (பையன் அவன் வீட்டு சோபாவில்தான் உட்கார்ந்திருந்தான்.) விளக்கக் கடிதம் எழுதினேன். அன்று முதல், அந்தப் பெட்டியில் ஒரு பெயர் எழுந்தால் என் மூளைக்குத் தெரிவதற்கு முன் விரலுக்குத் தெரிந்துவிடும்.

ஏழு பேர். அதுவும் நம் வீட்டுக்கு வந்தவர்கள். அதுவும் காலை பத்து மணிக்கு, காப்பி குடித்தார்களோ இல்லையோ. நீலக் கலரில் "எல்லோரையும் உள்ளே விடு" என்று ஒரு பட்டன். அமுக்கினேன்.

பச்சை ஸ்வெட்டர் அம்மாள் அந்த நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான் (ஆங்கிலத்தில்தான், எனக்கு நன்றாகவே புரிந்தது): "முதல் ஒரு மணி நேரம் நம் சோதனைதான் உயர்ந்தது என்று பிடிவாதமாக இருப்போம். அப்புறம் மனசே இல்லாமல் இறங்கி வருவதுபோல இறங்கி வருவோம். நிஜத்தில் அவர்கள் சோதனையை அப்படியே ஏற்றுக்கொள்ள நமக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது. அது மட்டும் அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது."

அவள் 'தெரிந்துவிட' என்று சொல்லும்போது திரையில் ஏழு புது முகங்கள் வந்து உட்கார்ந்தன.

அவள் நிறுத்திவிட்டாள். வழுக்கைத் தலைக்காரர் நிறுத்தவில்லை. அவர் ஏதோ காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "பேச்சை நாற்பது நிமிடம் இழுத்தாலே போதும். அவர்களுக்குப் பொறுமை கிடையாது, காப்பிக்கு எழுந்து போய்விடுவார்கள்" என்றார். புதிதாக வந்தவர்களில் ஒரு தாடிக்காரர், வாளி அளவுக்கு ஒரு காப்பிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

பிறகு ஒருவரும் பேசவில்லை. வழுக்கைத் தலைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம், பரீட்சையில் எழுத வேண்டிய கேள்வியைத் தவிர மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிவிட்ட பையனின் முகம்போல் ஆகிவிட்டது.

அந்த நிசப்தத்தை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதில்தான் என் தவறு இருக்கிறது. இருபத்தோரு வருட அனுபவத்தில், எல்லோரும் வந்து உட்கார்ந்து ஒருவரும் பேசாமல் ஆசிரியரைப் பார்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அட்டெண்டன்ஸ்.

மைக்கைப் போட்டேன். கேமராவையும் போட்டேன். (ஆசிரியர் முகம் தெரியாமல் பாடம் நடத்தக் கூடாது என்று எங்கள் பள்ளியில் சுற்றறிக்கை உண்டு.) அப்போது நான் இருந்த கோலம்: பூப்போட்ட நைட்டி, அதன்மேல் மரியாதைக்கு ஒரு ஈரிழைத் துண்டு, தலையில் எண்ணெய். துண்டு இருந்தது என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

"குட் ஈவினிங். பெயர் கூப்பிடும்போது பிரசென்ட் சொல்லுங்கள்" என்றேன். திரையில் இருந்த பெயர்களை இடமிருந்து வலமாகப் படிக்க ஆரம்பித்தேன். முதல் பெயர் வழுக்கைத் தலைக்காரருடையது. அவர் திகைப்பில், "பிரசென்ட்" என்றார். அவர் சொன்னதும் அடுத்தவரும் சொன்னார். பச்சை ஸ்வெட்டர் அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மூலையில் இருந்த தொட்டில் பெரியவர் மட்டும் கையைத் தூக்கிச் சொன்னார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமெரிக்கப் பக்கத்தில் மூன்று பேர் முடிந்து நாலாவது பெயரை எப்படி உச்சரிப்பது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏம்புள்ள, களி கிண்டறதா, தோசையா?"

மழை பிடித்துக்கொண்டதால் ஒன்பதுக்கு வரவேண்டியவர் ஏழரைக்கே வந்துவிட்டார். சட்டை நனைந்ததால் அதையும் கழற்றியிருந்தார். நான் கையால் போங்க போங்க என்று சைகை காட்டினேன். அவர் அதை வாங்க வாங்க என்று எடுத்துக்கொண்டு, என் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் பார்த்தார்.

"யாரு புள்ள இத்தனை பேரு? சிந்துவப் பாக்கறதுக்கு வந்தவங்களா? சொல்ல வேண்டாமா எங்கிட்ட?"

அவசரமாக என் தோளிலிருந்த துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார். அங்கே பாதிப் பேர் திருப்பிக் கும்பிட்டார்கள். (துண்டு போன பிறகு என் நிலைமையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.)

அமெரிக்கப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி மட்டும் நிதானமாக இருந்தாள். "மன்னிக்கவும், நீங்கள் யார்?" என்று கேட்டாள்.

"சிந்துவின் அம்மா" என்றேன்.

"சிந்து யார்?"

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கொதிப்பது இந்த இடத்தில்தான். ஒரு மாதமாக இவர்களுக்காக என் பெண் காப்பி ஆறிப்போகும் வரை மெயில் எழுதியிருக்கிறாள். பதின்மூன்று பேருக்கும் தோதான நேரம் பார்த்து, மாற்றி, மறுபடி மாற்றி, கும்பிட்டுக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் பெயர் இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. திரையில் அவள் கட்டத்தைப் பார்த்தேன், அதாவது என் முகத்துக்குக் கீழே. "ஹோஸ்ட் 2" என்று இருந்தது.

அதற்குப் பிறகு நான் பேசியது கோபத்தில் பேசியது. வேறு நேரமாக இருந்தால் பேசியிருக்க மாட்டேன். "இந்தக் கூட்டத்தை நடத்துகிற பெண்தான் சிந்து" என்றேன். "அது இருக்கட்டும். நீங்கள் ஏன் இரண்டு வருடமாக இதை இழுக்கிறீர்கள்? பச்சை ஸ்வெட்டர் போட்ட அந்த அம்மாள் இப்போது சொன்னது சரிதானே? உங்கள் சோதனையை ஏற்றுக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லையாம். நீங்களும் அவர்களுடையதை ஏற்றுக்கொள்ளுங்கள். அங்கே தொட்டிலிலிருந்து விழுகிற குழந்தைதான் இங்கேயும் விழும். இதோ மூலையில் இருக்கிறாரே, அந்தப் பெரியவர் எத்தனை தடவை ஒரே தொட்டிலை ஆட்டுவார்?"

பச்சை ஸ்வெட்டர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். தாடிக்காரர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். நான் என்னவோ சமாதானம் செய்து வைத்துவிட்டதாக நினைத்து, கொஞ்சம் பெருமையோடு அடுத்த பெயரைக் கூப்பிடப் போனேன்.

மாடிப்படியில் சிந்துவின் காலடி கேட்டது. கதவருகில் வந்து நின்றாள். சட்டையில்லாத அப்பா, துண்டில்லாத அம்மா, திரை நிறைய இரண்டு கண்டங்கள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஓடி வந்து என் கைக்கு மேலே கையை வைத்து, சடசடவென்று எதையெதையோ அமுக்கினாள். அமெரிக்காக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரையிலிருந்து மறைந்தார்கள்.

"என்னடி பண்ற? உள்ள வந்தவங்கள வெளிய தள்றியா?" என்றேன். மைக் இன்னும் அணையவில்லை.

"சும்னிரும்மா" என்றாள். கன்னடத்தில் அதற்குப் பேசாமல் இரு என்று அர்த்தம். அவள் குரலில் அதற்கு வேறு பல அர்த்தங்களும் இருந்தன.

அன்றைக்குக் கூட்டம் நடக்கவில்லை. ஐரோப்பாக்காரர்கள் உடனே எழுந்து போய்விட்டார்கள். அமெரிக்காக்காரர்கள், நிலைமையை மறுபரிசீலனை செய்ய அவகாசம் வேண்டும் என்றார்களாம். சும்மாவா, எதிராளியின் சீட்டு முழுவதையும் பார்த்தாகிவிட்டதே. சிந்து மேஜையிலேயே உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் இரண்டு முறை கூப்பிட்டார், மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். தலையெல்லாம் நனைந்திருந்தது.

"வேலை போயிருச்சா?" என்று கேட்டேன்.

"தெரியல."

"நான் வேணா அந்த மேனேஜர்கிட்டப் பேசட்டுமா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு என் வாழ்நாளில் எந்த மேனேஜரிடமும் பேசுவதாக நான் முன்வந்ததில்லை.

அவள் அப்பா ஒரு தட்டில் தோசையை வைத்து அவள் முன்னால் தள்ளினார். "அவங்க தப்புதான் கண்ணு அது. ரகசியம் பேசறவன் ரூமைச் சாத்திக்கிட்டுப் பேசோணும்."

"ரூமைச் சாத்தறதுதான்ப்பா என் வேலை" என்றாள்.

சட்னி இல்லாத தோசை. மிக்ஸி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. வேலை போகவில்லை. ப்ரொபேஷனை மூன்று மாதம் நீட்டித்தார்கள். கூடவே ஒரு புது விதி: கூட்டம் நடத்துகிறவர்கள் இனி யாரும் வீட்டிலிருந்து வேலை செய்யக் கூடாது. சிந்து மட்டும் அல்ல, அந்தக் கம்பெனியில் மைசூரிலும் ஹாசனிலும் மங்களூரிலும் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்த அத்தனை பிள்ளைகளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போனார்கள். அத்தனை வீடுகளிலும் என்னைச் சபித்திருப்பார்கள். என் வீட்டில் சபிக்க ஆள் இல்லை, ஆள் பெங்களூருக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று டைனிங் டேபிளில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் உட்கார்ந்த இடத்தில் சார்ஜர் வயர் ஒன்று மட்டும் கிடந்தது. அதை எடுத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை, ஒரு வாரம் அதைச் சுற்றியே தட்டு வைத்தோம்.

ஐந்து மாதம் போனது. ஒருநாள் சிந்து ஒரு செய்தியை போனில் அனுப்பினாள். அந்த இரண்டு சங்கங்களும் தொட்டில் சோதனையில் ஒரு பகுதியை இனி ஒரே தடவை செய்தால் போதும் என்று ஒப்புக்கொண்டுவிட்டனவாம். அட்லாண்டிக்குக்கு இரண்டு பக்கமும் உறவு பலப்பட்டதில் இரண்டு தரப்புக்கும் மகிழ்ச்சியாம். ஒளிவுமறைவு இல்லாமல் மனம் திறந்து பேசியதால்தான் இது சாத்தியமானதாம்.

படித்துவிட்டு உடனே போன் செய்தேன். "யாரு சிந்து மனசைத் திறந்தது?"

"அம்மா, அதுக்கும் உனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"நான் சம்பந்தம் இருக்குன்னு சொல்லலையே. யாரு திறந்ததுன்னுதான் கேட்டேன்."

"வெக்கிறேன்" என்றாள்.

நான் உரிமை கொண்டாடவில்லை. இப்போது தினமும் செய்தியில் அந்தப் பக்கம் ஒரு வரி, இந்தப் பக்கம் பதிலுக்கு ஒரு வரி என்று இரண்டு கரைக்காரர்களும் முறைத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் என் கணவர், "போய் ஒருக்கா அட்டெண்டன்ஸ் எடுத்துட்டு வா புள்ள, சரியாயிரும்" என்கிறார். கொள்ளேகால் கல்யாணங்களில் என்னை அட்லாண்டிக் அத்தை என்று அறிமுகம் செய்கிறார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாத விஷயம் போன மாதம் நடந்தது. காய்கறிக் கடையில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு இளம்பெண், என் பழைய மாணவியாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் அளவுக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, "பிரசென்ட் மிஸ்" என்றாள்.

"எந்த பேட்ச்மா நீ?" என்றேன்.

பள்ளிக்கூடத்து பேட்ச் இல்லை. சிந்துவின் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களின் பேட்ச். அந்தக் கூட்டம் முழுவதும் பதிவாகியிருந்ததாம். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் பயிற்சியிலேயே அதைப் போட்டுக் காட்டுகிறார்களாம், எதைச் செய்யக் கூடாது என்பதற்கு உதாரணமாக. மூன்று வருடமாக. எத்தனை பேட்ச் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை சிந்து வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். முதலில் மறுத்தாள். பிறகு காட்டினாள். ஐரோப்பாக்காரர்களின் முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். அமெரிக்காக்காரர்களின் முகத்தையும் மங்கலாக்கியிருந்தார்கள். அவர்கள் வாடிக்கையாளர்களாம், அவர்களுடைய அந்தரங்கத்தைக் காப்பாற்ற வேண்டுமாம். பேச்சில்கூட ரகசியமான பகுதிகளை வெட்டிவிட்டார்கள். நடுவில் பளிச்சென்று ஒரே ஒரு முகம். எண்ணெய் வழிய, பூப்போட்ட நைட்டியில். துண்டு உருவப்படும் இடத்தில் படத்தை நிறுத்தி ஒரு சிவப்பு அம்பு போட்டிருந்தார்கள். அம்புக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: "அனுமதி பெறாத வெளியாள்".

"யாரு போட்டது இது?"

சிந்து லேப்டாப்பைப் பாதி மூடினாள். "ஒரு வருஷமா நான்தான்மா அந்தப் பயிற்சிய நடத்தறேன்" என்றாள். "அதுக்கு ப்ரொமோஷன் குடுத்திருக்காங்க. போன வாரந்தான். நேர்ல சொல்லலாம்னு இருந்தேன்."

சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கோபம்தான் முதலில் வந்தது.

"வெளியாளா? என் வீடு. என் டைனிங் டேபிள். நான் வெளியாளா? அம்மான்னு போட்டா என்ன குறைஞ்சுபோயிரும்?"

"என்னோட முதல் பேட்சுக்கு அப்படித்தான்மா போட்டேன்" என்றாள் சிந்து. "அம்மான்னு பாத்ததும் ஒருத்தரும் அதைத் தப்புன்னே ஒத்துக்கல. எங்க வீட்லயும் இதேதான் நடந்திருக்கும்னு ஆளாளுக்கு அவங்கவங்க அம்மா கதைய ஆரம்பிச்சுட்டாங்க. மத்தியானம் வரைக்கும் பயிற்சியே நடக்கல."